அம்மாவின் கறித்தூளும் அனுமனின் ஆட்களும்

புதுடில்லி
பட்டிப்பொங்கல் இரவு

அன்பின் தோழிக்கு,

உன் கடிதம் கார்த்திகைக் கடைசியில் கைக்கு வந்தது. பதில் தாமதமானதற்குக் குளிரைச் சாட்டலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். விரல் விறைப்பது உண்மை. ஆனால் நீ நம்பமாட்டாய். வகுப்பில் நான் வீட்டுப்பாடம் செய்யாமல் வந்த நாட்களில் என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்தவள் நீ. உண்மைக் காரணம் வெட்கம். உன் அம்மா வறுத்து இடித்து, மூன்று கடதாசிப் பைக்குள் சுற்றி, ஆள் தேடிப் பிடித்துக் கொடுத்தனுப்பிய கறித்தூளுக்கு என்ன நடந்தது என்று எழுதாமல் இந்தக் கடிதத்தை முடிக்க முடியாது.

அதைக் குரங்கு எடுத்துவிட்டது.

சிரித்து முடித்தாயா? இனி முறையாகச் சொல்கிறேன். நாங்கள் இருப்பது தெற்கு டில்லியில் ஒரு வீட்டின் மொட்டைமாடியில். இதை இங்கே 'பர்சாதி' என்பார்கள். ஹிந்தியில் 'பர்சாத்' என்றால் மழை. கோடையில் மாடியில் படுப்பவர்கள் மழை வந்தால் ஒதுங்குவதற்குக் கட்டிய ஒற்றை அறை அது. அதனோடு ஒரு குசினியையும் குளியலறையையும் ஒட்டவைத்து வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். கதவைத் திறந்தால் நேரே வானம். யன்னல்களுக்கு மட்டுமல்ல, மாடியின் பாதிக்கும் இரும்புக் கம்பி அடித்திருக்கிறது. வீடு பார்க்க வந்த அன்று கள்ளருக்காக என்று நினைத்தேன். 'கள்ளருக்கு இல்லை, குரங்குக்கு' என்றார் வீட்டுக்காரர்.

மார்கழித் தொடக்கத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. செவ்வாயும் சனியும் இங்கே அனுமனுக்கு உரிய நாட்கள். சந்திகளில் காரை நிறுத்தி வாழைப்பழமும் கடலையும் கொட்டிவிட்டுப் போவார்கள். ஆகவே அன்று வந்தது பசித்து வந்த குரங்கு அல்ல. விருந்து முடித்துவிட்டு உலாவ வந்தது. நான் உடுப்புக் காயப்போட்டுத் திரும்புவதற்குள் குசினிக்குள் நின்றது. பாண் பொதியைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. உன் அம்மாவின் பையைத்தான் தூக்கியது. நான் செய்த மடத்தனம் என்னவென்றால், பையின் மறு முனையைப் பிடித்து இழுத்தேன். ஊரில் ஆட்டுக்குட்டியிடம் பறிப்பது போல. அது என் முழங்கையில் ஒரு கீறல் போட்டுவிட்டு மதிலில் ஏறியது. ஏறி உட்கார்ந்து, பையைக் கிழித்து, ஒரு கை அள்ளி வாயில் போட்டது.

அந்த முகத்தை எனக்கு வர்ணிக்கத் தெரியவில்லை. உன் அம்மா மிளகாய் போடும் அளவு உனக்குத் தெரியும். கண்ணைக் கசக்கியது, நாக்கைத் துடைத்தது, பிறகு நேராகத் தண்ணீர்த் தொட்டிக்குப் பாய்ந்தது. இங்கே எல்லா வீட்டிலும் தொட்டி மூடியைக் கம்பியால் கட்டிவைப்பார்கள். முதல் நாள் குழாய் திருத்த வந்தவர் கட்டாமல் போயிருந்தார். மூடியைத் தூக்கித் தலையை முழுதாக உள்ளே விட்டது. அன்று மாலை நான்கு குடும்பங்களுக்குத் தண்ணீர் இல்லை. தொட்டியைக் கழுவி முடிக்க இரவு பத்து மணி.

கீழ்வீட்டுப் பஞ்சாபி ஆன்ட்டி கோபிக்கவில்லை. அதைவிட மோசமான ஒன்றைச் செய்தார். தெரு முழுக்கச் சொல்லிச் சிரித்தார். 'நீ லங்காவிலிருந்து வந்தவள். அவன் உன் வீட்டுக்கு வராமல் வேறு யார் வீட்டுக்குப் போவான்? வாலில் தீ வைத்துக்கொண்டு வராமல் விட்டானே என்று நினைத்துக்கொள்.' மூன்று வருடமாக இந்தப் பகிடியைப் பல வாய்களில் கேட்டுவிட்டேன். தசராவுக்கு மைதானத்தில் இராவணனை எரிக்கும்போது என்னையும் முன்வரிசையில் இருத்தி, முகத்தை ஒரு கண்ணால் பார்த்துக்கொள்வார்கள். திருக்கோணமலையில் இராவணன் வெட்டு என்று ஓர் இடம் இருக்கிறது, எங்களுக்கு அவன் பெரிய சிவபக்தன் என்று ஒருமுறை என் ஓட்டை ஹிந்தியில் சொல்லிப் பார்த்தேன். ஆன்ட்டி யோசித்துவிட்டு, 'பக்தன்தான், ஆனால் புத்தி கெட்டவன்' என்றார். அதோடு அந்த வழக்கு முடிந்தது.

கீறலுக்கு வருகிறேன், பயப்படாதே. இரத்தம் வரவில்லை. சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் கால்மணி நேரம் கழுவினேன். விசர்நாய்க் கடிக்கு மட்டும்தான் ஊசி என்று நாம் நினைத்திருந்தோமே, குரங்குக்கும் அதே தடுப்பூசிதான். அன்று, பிறகு 3, 7, 28ஆம் நாட்கள். ஒவ்வொரு முறையும் இரண்டு கையிலும். கடைசி ஊசி இப்போதுதான் முடிந்தது. வரிசையில் நின்ற ஒவ்வொருவரும் மற்றவரை 'நாயா, குரங்கா?' என்று விசாரித்தார்கள். நம் ஊர் ஆஸ்பத்திரியில் 'எந்த இடம்?' என்று கேட்பது போல.

குரங்குகள் இந்த ஊரில் சின்ன விஷயம் இல்லை. 2007இல் டில்லியின் துணை மேயர் ஒருவர் தன் வீட்டு மாடியில் குரங்குகளை விரட்டப்போய்த் தவறி விழுந்து இறந்தார். அதே வருடம் உயர் நீதிமன்றம் இவற்றைப் பிடித்துத் தென் எல்லையில் உள்ள அசோலா பட்டி சரணாலயத்தில் விடச் சொன்னது. பிடித்தார்கள், விட்டார்கள், என் குசினிக்குள் நின்றதைப் பார்த்தால் அதற்குச் செய்தி போய்ச் சேரவில்லை என்றுதான் தோன்றுகிறது. முன்பு கருமுகமும் நீண்ட வாலும் உள்ள லங்கூர் மந்தியைக் கயிற்றில் கட்டிக் கொண்டுவந்து, அதைக் காட்டி இந்தச் செம்முகக் குரங்குகளை ஓட்டும் தொழில் ஒன்று இருந்தது. மந்தியை அப்படி வைத்திருப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி குற்றம் என்று நிறுத்தியபின், மந்திபோலக் கத்தத் தெரிந்த மனிதர்களைச் சம்பளத்துக்கு வைத்தார்கள். உண்மையாகவே! நாங்கள் வந்து இறங்கிய 2023இல் ஜி20 மாநாடு நடந்தது. நகரத்தின் நடுவில் மரங்களுக்கு இடையே ஆளுயர மந்திப் படங்களை வெட்டி நிறுத்தியிருந்தார்கள். ஏதோ கண்காட்சி என்று நினைத்து நான் ஒன்றின் பக்கத்தில் நின்று படம்கூட எடுத்தேன். உலகத் தலைவர்களுக்காக அல்ல, அவர்களைப் பார்க்க வரக்கூடிய குரங்குகளுக்காக என்று பிறகுதான் தெரிந்தது.

நாய்களைப் பற்றிக் கேட்டிருந்தாய். செய்தியில் பார்த்தது சரிதான். 2025 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம் டில்லியிலும் சுற்றுவட்டாரத்திலும் உள்ள தெருநாய்களை எல்லாம் பிடித்துக் காப்பகத்தில் அடைக்கச் சொன்னது. 22ஆம் திகதி அதை மாற்றி, கருத்தடையும் தடுப்பூசியும் செய்து பிடித்த இடத்திலேயே விடலாம், விசர் பிடித்ததையும் கடிக்கும் சுபாவம் உள்ளதையும் மட்டும் விடக்கூடாது, கண்ட இடத்தில் சோறு போடக்கூடாது என்றது. அந்தப் பதினொரு நாளும் எங்கள் தெருவை நீ பார்த்திருக்கவேண்டும். பக்கத்துப் பக்கத்து வீடுகள் பேச்சை நிறுத்தின. இரவில் சோறு வைக்கும் பெண் ஒருத்தி அழுதுகொண்டே நாய்களைத் தன் கார் நிறுத்தும் இடத்துக்குள் ஒளித்தாள். எதிர்வீட்டில் ஆறு வயதுப் பையன். இரண்டு வருடத்துக்கு முன் கன்னத்தில் கடி வாங்கியவன். அவனுடைய தாய் பால்கனியில் நின்று, 'உங்கள் கண்ணீர் என் பிள்ளைக்கு வரவில்லையே' என்று கேட்டாள். எனக்கு அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை, இப்போதும் இல்லை. ஆனால் காலையில் பால் வாங்கப் போகும்போது என்னோடு பூத் வரை வந்து திரும்பும் மண்ணிற நாயைக் காணவில்லை என்றால் மனம் பதைத்தது என்பதையும் மறைக்கமாட்டேன். காதில் ஒரு மூலை வெட்டியிருக்கிறது. கருத்தடை செய்ததற்கு அடையாளம். இப்போது குளிருக்கு யாரோ பழைய ஸ்வெட்டரின் கையை வெட்டி மாட்டிவிட்டிருக்கிறார்கள். பார்த்தால் நம் கணக்கு வாத்தியார் மாதிரி இருக்கிறது.

இந்த ஊர்க்காரர்களை என்னால் ஒரு முடிவுக்குக் கொண்டுவர முடியவில்லை. முதல் ரொட்டி மாட்டுக்கு, கடைசி ரொட்டி நாய்க்கு என்று ஒரு வழக்கம் இங்கே உண்டு. ஆன்ட்டி இன்றைக்கும் தவறாமல் செய்கிறார். முதல் ரொட்டியில் நெய் தடவி வெல்லம் வைத்து எடுத்துப் போவார். பிதிர்களுக்குரிய பதினைந்து நாளில் காகத்துக்கும் பங்கு. நம் வீடுகளில் சனி விரதத்துக்குக் காகத்தைக் கூப்பிடுவது நினைவு வரும். (இங்கத்தைய காகத்துக்குக் கழுத்து வெளிறிய சாம்பல், நம்முடையது இதைவிடக் கறுப்பு.) ஆனால் அந்த ரொட்டி வாங்கும் மாட்டின் சொந்தக்காரன் பாலைக் கறந்துவிட்டுத் தெருவில் அவிழ்த்துவிடுகிறான். அது குப்பைத் தொட்டியில் மரக்கறித் தோலோடு பொலித்தீனையும் சேர்த்து விழுங்குகிறது. நெய் ரொட்டியும் பொலித்தீனும் ஒரே வயிற்றில். உன் சிவப்பிக்குப் புண்ணாக்கில் கல் இருந்தது என்று நீ கடைக்காரனோடு சண்டை பிடித்ததை வாசித்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அவள் கன்று போட்டுவிட்டாளா? நாகா, நாம்பனா?

உன்னிடம் ஒரு வேலை. கிணற்றடி அணிலைப் பிடித்து முதுகுக் கோட்டை எண்ணிச் சொல். மூன்று என்றுதானே படித்தோம், இராமர் மூன்று விரலால் தடவியது? இங்கே ஐந்து. வெளிப்பக்கத்து இரண்டும் கொஞ்சம் மங்கல், ஆனால் ஐந்துதான். வடக்கில் இருப்பது வேறு இனமாம். அணைக்குக் கல் சுமந்தது நம் பக்கத்து அணில். வேலை செய்யாத இதற்கு எப்படி இரண்டு கோடு கூடக் கிடைத்தது என்று ஆன்ட்டியிடம் கேட்டேன். 'தலைநகரம் அல்லவா' என்றார்.

கமுகு சரிந்ததை ஒரே வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டாய். டித்வா புயல் நாட்களில் உங்கள் எவருக்கும் தொலைபேசி எடுபடவில்லை. இரண்டு இரவு நான் மாடியில்தான் நடந்தேன். கீழே படுத்திருந்த நாய்கள் என்னைச் சந்தேகமாகப் பார்த்தன. வளவில் இன்னும் என்னென்ன போயிற்று என்று விரிவாக எழுது. சின்ன விஷயம் என்று விடாதே.

இனிப் பொங்கலைச் சொல்கிறேன். அதற்கு முதல் லோரிப் பண்டிகை இரவில் தெருவில் நெருப்பு மூட்டி, எள்ளுருண்டையும் நிலக்கடலையும் போட்டுச் சுற்றி வந்தார்கள். மனிதர்கள் வீட்டுக்குப் போனபின் அந்தச் சாம்பல் சூட்டில் நாய்கள் வட்டமாகப் படுத்தன. பொங்கலன்று மாடியில் கோலம் போட்டு மூன்று கல் வைத்தேன். சூரியனைக் காணோம். எட்டு மணி, ஒன்பது மணி, பனிமூட்டம் பாற்சோறு மாதிரி நின்றது. கிழக்கு இதுதான் என்று நம்பிக்கையில் பொங்கினேன். இவர் கையில் தடியோடு குரங்குக் காவல்.

இன்று காலை புக்கையில் கொஞ்சம் தட்டில் போட்டு, குங்குமமும் ஒரு மஞ்சள் பூமாலையும் எடுத்துக்கொண்டு கீழே போனேன். மரக்கறி வண்டிக்குப் பக்கத்தில் வழக்கமாக நிற்கும் வெள்ளை மாடு. கொம்பைத் தொட்டால் என்ன செய்யுமோ என்று பயந்து பயந்து பொட்டு வைத்தேன். நின்றது. மாலை போட்டேன். புக்கையைத் தின்றது. பிறகு தலையைத் திருப்பி, தன் கழுத்து மாலையின் எட்டிய பக்கத்தையும் தின்றது. மரக்கறிக்காரர் என்ன விசேஷம் என்று கேட்டார். இன்று மாடுகளுக்குப் பொங்கல், எங்கள் ஊர் வழக்கம் என்றேன். அவர் வியந்துபோய், 'லங்காவில் மாடுகூட இருக்கிறதா?' என்றார். பிறகு பூக்கோவாவின் வெளி இலைகளை ஒரு கட்டாகச் சேர்த்து, காசு வாங்காமல் என் கையில் தந்தார். என் கையால் கொடுக்கவேண்டுமாம்.

இவர் தை கடைசியில் கொழும்புக்கு வருகிறார். யாழ்ப்பாணம் வர நேரம் இருக்காது, ஆனால் பொதியை வாங்க ஆள் ஒழுங்கு செய்யலாம். உன் அம்மாவிடம் மெதுவாக விஷயத்தைச் சொல். குரங்கு துப்பவில்லை, விழுங்கியது என்று மறக்காமல் சொல். அவருக்கு அது முக்கியம். கறித்தூள் மறுபடியும் வேண்டும். இந்த முறை பையில் வேண்டாம், பால்மா டின்னில் போட்டு மூடியைக் கம்பியால் கட்டி அனுப்பு.

அன்புடன்,
உன் கடைசி வாங்குக்காரி