சாக்லேட் கடலை மிட்டாய்: செய்முறையை நம் ஊருக்கு ஏற்றபடி அச்சிட வேண்டுகிறேன்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில், மெல்லிய சூட்டில் மணிக்கணக்கில் சமைக்கும் மின்சாரப் பாத்திரமான ஸ்லோ குக்கரில் சாக்லேட்டையும் வேர்க்கடலையையும் சேர்த்து மிட்டாய் செய்யும் முறை வெளியாகியிருந்தது. அமெரிக்க வீடுகளில் கிறிஸ்துமஸ் சமயத்தில் நிறையச் செய்து, தகர டப்பாக்களில் போட்டு, அண்டை வீட்டாருக்கும் உடன் வேலை பார்ப்பவர்களுக்கும் கொடுக்கும் பண்டம் அது. அடுப்படியில் நின்று கிளற வேண்டியதில்லை, பாகுப் பதம் பார்க்க வேண்டியதில்லை என்பதால் நம் வாசகர்கள் பலருக்கும் அது பிடித்துப்போகும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அக்குறிப்பு அவுன்ஸ் அளவுகளோடும் அமெரிக்கக் கடைகளில் மட்டுமே கிடைக்கும் பொருள்களின் பெயர்களோடும் அப்படியே வெளியாகியிருக்கிறது. டிசம்பர் குளிரில், ஈரமில்லாத காற்றில் செய்வதற்கென்று எழுதப்பட்ட ஒரு முறையைத் திருச்சியிலோ திருநெல்வேலியிலோ வரிக்கு வரி பின்பற்றினால் என்ன ஆகும் என்பதை, மனையியல் ஆசிரியையாகப் பணிபுரிந்து ஓய்வு பெற்றவள் என்ற முறையில் சற்று விரிவாகவே எழுத அனுமதிக்க வேண்டுகிறேன்.

அங்கே வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு இதுதான்: உப்பிட்டதும் உப்பிடாததுமாக வறுத்த வேர்க்கடலை 32 அவுன்ஸ், அதாவது ஏறக்குறைய 900 கிராம், இனிப்பு குறைவான சாக்லேட் சில்லுகள் 12 அவுன்ஸ், அதாவது 340 கிராம், ‘ஜெர்மன்ஸ்’ என்று விற்கப்படும் இனிப்புச் சாக்லேட் 4 அவுன்ஸ், ‘ஆல்மண்ட் பார்க்’ எனப்படும் வெள்ளைப் பாளம் 24 அவுன்ஸ் அல்லது அதற்குச் சற்றுக் கூடுதல். மூன்றாவதற்கும் ஜெர்மனி நாட்டுக்கும் எவ்விதத் தொடர்பும் கிடையாது. 1852இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பேக்கர் நிறுவனத்துக்காக அதை உருவாக்கிய சாமுவேல் ஜெர்மன் என்பவரின் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. ஆகவே அதை இறக்குமதிக் கடைகளில் தேடி அலையத் தேவையில்லை. இனிப்புள்ள கறுப்புச் சாக்லேட் எதுவும் அந்த இடத்துக்குப் பொருந்தும்.

நான்காவது பொருளைப் பற்றித்தான் கட்டாயம் எழுதியாக வேண்டும், ஏனென்றால் எடையில் அதுவே மற்ற இரு சாக்லேட்டுகளையும் விஞ்சி நிற்கிறது. அதில் பாதாம் கிடையாது. சட்டப்படி பார்த்தால் அது சாக்லேட்டும் அன்று. கொக்கோ வெண்ணெய்க்குப் பதிலாக, பெரும்பாலும் எண்ணெய்ப்பனைக் கொட்டையிலிருந்து எடுக்கப்படும் கொழுப்பைச் சர்க்கரையோடும் பால் பொடியோடும் சேர்த்துச் செய்த பூச்சுப் பாளம் அது. அமெரிக்காவில் ஒன்றை வெள்ளைச் சாக்லேட் என்று விற்க வேண்டுமானால் அதில் 20 சதவீதமாவது கொக்கோ வெண்ணெய் இருக்க வேண்டும் என்ற விதி 2004 முதல் நடைமுறையில் உள்ளது. இந்தப் பாளத்துக்கு வேறு பெயர் வைத்து விற்பதன் காரணம் அதில் அடங்கியிருக்கிறது. நம் ஊர் பேக்கரிப் பொருள் கடைகளில் ‘கம்பவுண்ட்’ என்று கேட்டால் கறுப்பு, பால், வெள்ளை என மூன்று வகையாகத் தருகிறார்களே, அது இதன் உடன்பிறப்பு.

கம்பவுண்டைத் தரக்குறைவானது என்று ஒரே அடியாக ஒதுக்கிவிடுவோர் உண்டு. சுவையைப் பொறுத்தவரை அவர்கள் சொல்வது சரியே. இந்த மிட்டாயைப் பொறுத்தவரை நான் உடன்படவில்லை. கொக்கோ வெண்ணெய் உறையும்போது பல வகைப் படிகங்களாக உறையக் கூடியது. அவற்றுள் ஒரு குறிப்பிட்ட வகையாக உறைந்தால்தான் சாக்லேட்டுக்குப் பளபளப்பும், ஒடிக்கும்போது ‘பட்’டென்ற ஓசையும் வாய்க்கும். உருக்கியவுடன் அந்தப் படிக ஒழுங்கு குலைந்துபோவதால், குறிப்பிட்ட வெப்பநிலைகளில் ஆற்றியும் மறுபடி இளஞ்சூடாக்கியும் கிளறி அதை மீட்டெடுக்க வேண்டும். அந்தப் பொறுமையும் வெப்பமானியும் இல்லாமல் ஸ்லோ குக்கரில் அசல் சாக்லேட்டை உருக்கி அப்படியே ஊற்றினால், அது மங்கிய நிறத்தில், கையில் ஒட்டும் பதத்தில் நின்று, சில நாள்களில் மேலே வெண்படலம் பூக்கும். கம்பவுண்டுக்கு இந்தப் பக்குவம் எதுவும் தேவையில்லை. ஆறினால் தானாக இறுகிவிடும். மேலும் கொக்கோ வெண்ணெய் ஏறத்தாழ 34 பாகை செல்சியசில் உருகிவிடும் என்பதையும், சித்திரை வைகாசியில் நம் வீட்டுக் கூடத்திலேயே வெப்பம் அந்த அளவை எட்டிவிடும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், சமவெளியில் வசிப்போர் இதற்குக் கம்பவுண்டை நாடுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. உதகையிலும் கொடைக்கானலிலும் ‘ஹோம்மேட்’ என்று எடை போட்டு வாங்கிய சாக்லேட், பேருந்து மலையிறங்கி முடிவதற்குள் பொட்டலத்திலேயே குழைந்துவிடுவதைப் பலரும் பார்த்திருப்பார்கள்.

செய்யக் கூடாதது, இரண்டையும் கலப்பது. பனைக்கொட்டைக் கொழுப்பும் கொக்கோ வெண்ணெயும் ஒன்றோடொன்று இணங்கி உறைவதில்லை. சேர்த்து உருக்கினால் தனித்தனியே உறைவதைவிடக் கலவை மென்மையாக நின்றுவிடுகிறது. அமெரிக்கக் குறிப்பு இரண்டையும் கலக்கத்தான் சொல்கிறது. 20 பாகையில் இருக்கும் வீட்டில் அந்த மென்மை ஒரு குறையாகத் தெரியாது, சொல்லப்போனால் கடிப்பதற்கு இதமாகவே இருக்கும். 32 பாகையில் இருக்கும் வீட்டில் அதே கலவை தட்டில் இறுகாமல் கிடக்கும். முழுவதும் கம்பவுண்டாகவே எடுத்துக்கொண்டு, சுவைக்காக அரைக் கரண்டி இனிப்பில்லாத கொக்கோப் பொடி தூவிக் கலப்பது நம் தட்பவெப்பத்துக்குப் பொருத்தமான வழி என்பது என் கருத்து.

இனிக் கருவியைப் பற்றி. ஸ்லோ குக்கரின் மூலக் கருவியை வடிவமைத்து 1940இல் காப்புரிமை பெற்றவர் சிகாகோவைச் சேர்ந்த இர்விங் நாக்சன். ரைவல் என்ற நிறுவனம் அதை வாங்கி, 1971இல் ‘கிராக் பாட்’ என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தது. நாக்சனின் தாயின் ஊரில், ஓய்வு நாளுக்காக அவரை விதைகளும் இறைச்சியும் நிறைந்த பானையை முந்தைய மாலையே ரொட்டிக் கடை அடுப்பில் வைத்து இரவெல்லாம் வேகவிடும் யூத வழக்கமே அதற்குத் தூண்டுகோலாக இருந்தது. நீரும் நேரமும் சேர்ந்து பருப்பை மெல்ல வேக வைப்பதற்காகப் பிறந்த பாத்திரம் அது. சாக்லேட்டுக்கோ நீர் ஆகாது, நீடித்த சூடும் ஆகாது. இந்த முரணைப் புரிந்துகொள்ளாமல் ‘3 மணி நேரம் மூடி வையுங்கள்’ என்று மட்டும் அச்சிட்டால் வாசகருக்குக் கிடைப்பது கருகிய கட்டிதான்.

பல ஸ்லோ குக்கர்களில் ‘லோ’, ‘ஹை’ ஆகிய இரண்டுமே கடைசியில் கொதிநிலையை ஒட்டிய ஒரே வெப்பத்துக்குத்தான் போய்ச் சேர்கின்றன. எவ்வளவு நேரத்தில் சேர்கின்றன என்பதில்தான் வேறுபாடு. சாக்லேட்டோ 50 பாகையைத் தாண்டினாலே கெட்டியாகி மணம் மாறத் தொடங்குகிறது. பால் சேர்ந்த வகைகளுக்கு அந்த எல்லை இன்னும் தாழ்வு. அதனால்தான் கடலையை அடியில் பரப்பி, அதன்மேல் சாக்லேட்டை அடுக்கச் சொல்கிறார்கள். சூடேறிய பீங்கான் நேரடியாகச் சாக்லேட்டில் படாமல் கடலை தாங்கிக்கொள்கிறது. தங்கள் இணைப்பில் இந்த வரிசை தலைகீழாக அச்சாகியிருந்தது. பாத்திரம் பெரிதாகவும் பொருள் குறைவாகவும் இருந்தால் ஓரங்கள் இன்னும் விரைவில் கருகும். முதல் அரை மணி நேரத்துக்குப் பிறகு கால் மணிக்கு ஒரு முறை திறந்து பார்த்து, மூன்றில் இரண்டு பங்கு உருகியதுமே மின்சாரத்தை நிறுத்திவிட வேண்டும். கனத்த பீங்கான் தேக்கி வைத்திருக்கும் சூடு மிச்சத்தை உருக்கப் போதுமானது.

ஈரத்தைப் பற்றி அக்குறிப்பில் ஒரு சொல்லும் இல்லை. உருகிய சாக்லேட்டில் சில துளி நீர் விழுந்தால் போதும். அதிலுள்ள சர்க்கரைத் துகள்கள் நனைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, வழவழப்பாக இருந்த கலவை நொடியில் மண்கட்டி போல் திரண்டுவிடும். மூடியின் உட்புறத்தில் ஆவி குளிர்ந்து முத்து முத்தாக நிற்பதை நாம் எல்லாப் பாத்திரத்திலும் பார்க்கிறோம். ஆகவே மூடிக்கும் பாத்திரத்துக்கும் இடையே மடித்த பருத்தித் துணி ஒன்றை, ஓரங்கள் வெளியே தொங்கிச் சூடான பாகத்தில் படாதவாறு, விரித்து வைப்பது அவசியம். கரண்டி, தட்டு, கை எல்லாமே உலர்ந்திருக்க வேண்டும். நம் வீடுகளில் உப்புக் கடலை வறுக்கும்போது உப்புநீர் தெளிப்பது வழக்கமாதலால், அப்படி வறுத்த கடலையை மறுபடி வெறும் வாணலியில் ஈரம் போகப் புரட்டி, முழுதும் ஆறிய பின்னரே சேர்க்க வேண்டும். செய்து முடித்த மிட்டாயைக் குளிர்பதனப் பெட்டியில் வைப்பவர்கள் காற்றுப் புகாத டப்பாவில் வைத்து, வெளியே எடுத்த பிறகும் டப்பா அறைச் சூட்டுக்கு வரும்வரை திறக்காமல் இருந்தால் மிட்டாயின்மேல் நீர் கோத்துக்கொள்ளாது.

ஸ்லோ குக்கர் நம் ஊரில் எல்லா வீட்டிலும் இருப்பதன்று. இல்லாதவர்கள் மின்சார ரைஸ் குக்கரில் செய்து பார்க்கலாம் என்று அக்குறிப்பின் அடியில் சேர்த்திருந்தது எனக்குக் கவலை அளித்தது. பாத்திரத்தில் உள்ள நீர் வற்றி, வெப்பம் 100 பாகையைத் தாண்டும்போது தானே நின்றுவிடும்படி அமைந்த கருவி அது. நீரே இல்லாத சாக்லேட்டை வைத்துச் சமைக்கும் பொத்தானை அழுத்தினால், விசை விழுவதற்கு முன்பே அடிப்பாகம் தீய்ந்துவிடும். அகன்ற பாத்திரத்தில் வெந்நீர் வைத்து, அடுப்பை அணைத்துவிட்டு, நீர் மட்டத்தைத் தொடாத கிண்ணம் ஒன்றை அதன்மேல் பொருத்தி அதில் உருக்குவது போதுமானது. பத்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். உள்ளபடி சொன்னால், ஒரு கிலோவுக்குள் செய்கிறவர்களுக்கு ஸ்லோ குக்கரே தேவையில்லை. இரண்டு கிலோ, மூன்று கிலோ என்று செய்கிறவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்து கொடுத்த குக்கரை வைத்திருப்பவர்கள், அது 120 வோல்ட்டுக்காகச் செய்யப்பட்டதா என்று அடியில் பார்த்துவிட வேண்டும். நம் 230 வோல்ட் மின்சாரத்தில் அதை நேரடியாகச் சொருகுவது ஆபத்து.

வீட்டு அளவுக்குத் தோல் நீக்கிய வறுகடலை 500 கிராம், கறுப்புக் கம்பவுண்ட் 400 கிராம், வெள்ளை அல்லது பால் கம்பவுண்ட் 200 கிராம் என்ற கணக்கு சரியாக வரும். கடலையைப் பொறுக்கும்போது சுருங்கியதையும் கறுத்ததையும் பூஞ்சை வாடை அடிப்பதையும் தயங்காமல் எறிந்துவிட வேண்டும். அவற்றில் உண்டாகும் அஃப்லடாக்சின் என்ற நச்சு வறுப்பதால் முற்றிலும் அழிவதில்லை. உருகியதும் கடலையோடு கிளறிய கலவையைப் பட்டர் பேப்பரில் ஒரு மேசைக்கரண்டி வீதம் இட்டு, மின்விசிறிக் காற்றில் ஆறவிட்டால் போதும். கடலைக்குப் பதில் முந்திரி போடலாம். செலவைத் தவிர வேறு தடையில்லை.

கடைசியாக ஒன்று. தீபாவளிக்கும் கிறிஸ்துமசுக்கும் இத்தகைய மிட்டாயை வீட்டிலிருந்து செய்து விற்கும் பெண்கள் இன்று எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். தங்கள் இணைப்பை அவர்களும் படிக்கிறார்கள். கம்பவுண்டில் செய்ததைச் சாக்லேட் என்று மட்டும் எழுதி விற்பது வாங்குகிறவரை ஏமாற்றுவதாகும். வேர்க்கடலை, பால், முந்திரி பாதாம் போன்ற மரக்கொட்டைகள் ஆகியவை சேர்ந்திருந்தால் பொட்டலத்தின்மேல் அதைத் தெரிவிக்க வேண்டும் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. கடலை ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு அந்த ஒரு வரி உயிர் காக்கும் செய்தி. ஒவ்வாமை இல்லாத குழந்தையானாலும், 5 வயது நிரம்பும்வரை முழுக் கடலை உள்ள மிட்டாயைக் கொடுக்கலாகாது, மூச்சுக்குழாயில் சிக்கிக்கொள்ளும். கம்பவுண்ட் வாங்கும்போது அட்டையில் ஹைட்ரஜனேற்றிய கொழுப்பு என்று இருக்கிறதா என்பதையும் பார்த்து வாங்க வேண்டும். ஹைட்ரஜனேற்றும்போது உண்டாகும், இதயத்துக்குக் கேடான டிரான்ஸ் கொழுப்பு, 2022 ஜனவரி முதல் இத்தகைய உணவுகளில் உள்ள மொத்தக் கொழுப்பில் 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று ஆணையம் வரம்பு விதித்திருப்பதால், பெயரும் முகவரியும் உரிம எண்ணும் இல்லாமல் உடைத்து எடை போட்டு விற்கும் பாளங்களைத் தவிர்ப்பதே நல்லது.

தீபாவளிக்கு இன்னும் சில வாரங்கள் இருப்பதால், கிராம் அளவுகளோடும், அடுக்கும் வரிசையைத் திருத்தியும், ரைஸ் குக்கர் பற்றிய வரியை நீக்கியும், ஒவ்வாமை எச்சரிக்கையைச் சேர்த்தும் அச்செய்முறையை மறுபடி ஒரு முறை வெளியிடுமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
ஓய்வு பெற்ற மனையியல் ஆசிரியை,
திருச்சிராப்பள்ளி.