வந்தவருக்கு ஏன் ‘வாங்க’ சொல்ல வேண்டும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். என் பேரன் தொடக்கப்பள்ளி நான்காம் வகுப்பில் படிக்கிறான். பள்ளி விட்டு வந்ததும் அவனுக்குச் சோறு போட்டு, வீட்டுப்பாடம் செய்யும்போது பக்கத்தில் உட்கார்ந்திருப்பது என் பொறுப்பு. மகனும் மருமகளும் வேலை முடிந்து வர ஏழு, ஏழரை ஆகிவிடும்.

சென்ற மாதம் ஒருநாள் அவன் தமிழ்ப் பயிற்சித்தாள் ஒன்றைச் செய்துகொண்டிருந்தான். ‘வீட்டுக்கு வரும் விருந்தினரை நாம் இன்முகத்துடன் ______ வேண்டும்.’ கோடிட்ட இடத்தில் ‘வரவேற்க’ என்று எழுதினான். எழுத்துப் பிழை இல்லை, கையெழுத்தும் அழகு. அந்த நேரம் பார்த்து அழைப்புமணி அடித்தது. இங்கே சிங்கப்பூரில், செம்பவாங் கப்பல் பட்டறையில் என்னோடு வேலை பார்த்த பழைய நண்பர், ஒரு பை ஆரஞ்சுப் பழத்தோடு நின்றார். கடையநல்லூர்த் தமிழ் முஸ்லிம் குடும்பத்தைச் சேர்ந்தவர், நாற்பது வருடப் பழக்கம். உள்ளே வந்து சோபாவிலும் உட்கார்ந்துவிட்டார். பேரன் தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“வாங்க தாத்தான்னு சொல்லுப்பா” என்றேன்.

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். முகத்தில் துளியும் கிண்டல் இல்லை. “அவர்தான் ஏற்கெனவே வந்துட்டாரே தாத்தா, எதுக்கு இப்ப வாங்கன்னு சொல்லணும்?”

நண்பர் சிரித்துவிட்டார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. பிள்ளை கேட்டது நியாயமான கேள்வி. பத்து வருடமாக நாங்கள் யாரும் அவனுக்கு அதைச் சொல்லித் தரவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. வந்து உட்கார்ந்தவரைப் பார்த்தும் ‘வாங்க’ என்பது நம் வழக்கம். நீங்கள் வந்தது எனக்குச் சந்தோஷம், கூச்சப்படாமல் இருங்கள் என்பதெல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடும். ‘வாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லலையே’ என்று வருடக்கணக்கில் பேசாமல் இருந்த சொந்தக்காரர்களை நாம் எல்லாருமே பார்த்திருக்கிறோம். அதேபோல, கிளம்பும்போது ‘போறேன்’ என்று சொல்ல மாட்டோம், ‘போயிட்டு வர்றேன்’ என்போம். புத்தகத்தில் கால் பட்டுவிட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம். பெரியவர்களுக்கு எதையும் இடக்கையால் நீட்ட மாட்டோம். இவையெல்லாம் பார்த்துப் பார்த்துப் பழகியவை. அந்தப் பயிற்சித்தாளில் என் பேரன் முழு மதிப்பெண் வாங்கிவிட்டான் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நம் தொடக்கப்பள்ளிகளில் நன்னெறிப் பாடத்தைத் தாய்மொழி ஆசிரியர்கள் தாய்மொழியிலேயே நடத்துகிறார்கள். கணிதம், அறிவியல் எல்லாம் ஆங்கிலத்தில் இருக்க, தாய்மொழிப் பாடத்தைப் போல இதுவும் தமிழிலும் மலாயிலும் சீனத்திலும் நடக்கிறது. பெற்றோர் பலர் இதை ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்வதில்லை. ‘அதுக்குப் பரீட்சையே இல்லையே’ என்று என் காதுபடச் சொன்னவர்கள் உண்டு. என்னைக் கேட்டால், வாரம் முழுவதற்குமான பாட அட்டவணையில் மிக விலை உயர்ந்த நேரம் அதுதான். மரியாதை, பொறுப்பு, நேர்மை, அக்கறை, நல்லிணக்கம் என்று கல்வி அமைச்சு வலியுறுத்தும் பண்புகளுக்கு எல்லா மொழியிலும் பெயர் உண்டு. ஆனால் ஒரு பிள்ளை அந்த மரியாதையை எந்தச் சொல்லால், எந்த அசைவால் காட்டும் என்பது வீட்டுக்கு வீடு, மொழிக்கு மொழி மாறும். அது தெரியாத பிள்ளைக்கு மரியாதை என்பது இன்னொரு அருஞ்சொல், அவ்வளவுதான்.

இரண்டு வாரம் கழித்து, ஒப்படைப்பு வேலை என்று பேரனின் வகுப்புத் தோழன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். மலாய்ப் பையன். செருப்பைக் கழற்றி வாசலில் ஒழுங்காக வைத்தான். நேரே என்னிடம் வந்து, என் வலக்கையை இரண்டு கைகளாலும் பிடித்துக் குனிந்து தன் நெற்றியில் வைத்துக்கொண்டான். அப்புறம் சமையலறைக்குப் போய் என் மனைவிக்கும் அப்படியே. யாரும் சொல்லிச் செய்யவில்லை. ஒன்பது, பத்து வயதுப் பிள்ளையின் நெற்றிச் சூடு என் புறங்கையில் பட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் பேரன் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே நின்றான். அன்று மாலை மேல் மாடிச் சீனப் பாட்டி எங்களோடு மின்தூக்கியில் ஏறியபோது, நான் சொல்லாமலே கதவுப் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு ‘ஆ மா’ (சீனத்தில் பாட்டி) என்று தலையசைத்தான்.

பண்பாட்டை ஒட்டி நன்னெறி கற்பிப்பது என்றால் சிலர் தயங்குவார்கள். அதற்குக் காரணம் இருக்கிறது. 1984ல் உயர்நிலை மூன்று, நான்கில் சமயக் கல்வி கட்டாயப் பாடமானது. இந்து சமயம், இஸ்லாம், பைபிள், பௌத்தம், சீக்கிய சமயம், கன்ஃபூசியஸ் நெறி என்று மாணவர்கள் ஆளுக்கொன்றைத் தேர்ந்தெடுத்துப் படித்தார்கள். பிள்ளைகளுக்கிடையே சமயக் கோடு அழுத்தமாக விழுகிறதோ என்ற கவலை வந்தது. 1989ல் கட்டாயப் பாடம் என்ற நிலையை நீக்க அரசாங்கம் முடிவெடுத்தது. அது சரியான முடிவு என்றே அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். ஆனால் ‘வாங்க’ என்ற சொல்லுக்குச் சமயம் கிடையாது. எங்கள் அடுக்குமாடிப் புளோக்கில் இந்து வீட்டிலும் அதே வாங்கதான், தேவாலயம் போகும் வீட்டிலும் அதே வாங்கதான், என் கடையநல்லூர் நண்பர் வீட்டிலும் அதேதான். மொழியோடு வரும் பண்பைக் கற்றுக்கொடுப்பதில் பயப்பட ஒன்றுமில்லை.

பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு. வீட்டில் அதிகம் பேசும் மொழி ஆங்கிலம் என்று சொன்ன சிங்கப்பூர்வாசிகள் 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 32.3 விழுக்காடு. 2020ல் அது 48.3 விழுக்காடு. நம் வீடுகளும் இதற்கு விலக்கல்ல, என் வீடும்தான். வீட்டில் தமிழ் குறையக் குறைய, தமிழோடு வரும் பழக்கங்களுக்கு வகுப்பறையைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. அந்த வகுப்பறையிலும், தேர்வு நெருங்கினால் நன்னெறி நேரத்தில் கட்டுரைப் பயிற்சி நடக்கிறது என்று பேரன் சொல்கிறான். ஆசிரியரைக் குறை சொல்ல மாட்டேன். மதிப்பெண் குறைந்தால் முதலில் தொலைபேசியில் கூப்பிடுவது பெற்றோர்களாகிய நாம்தானே?

செய்து பழக்கினால் படியும் என்பதற்குப் பள்ளியிலேயே சாட்சி இருக்கிறது. 2017ஆம் ஆண்டிலிருந்து எல்லாப் பள்ளிகளிலும் மாணவர்கள் தினமும் கொஞ்ச நேரம் தங்கள் இடத்தைத் தாங்களே சுத்தம் செய்கிறார்கள். என் பேரனும் பெருக்குகிறான், மேசை துடைக்கிறான். உணவங்காடி நிலையத்தில் சாப்பிட்டு முடித்ததும் தட்டை எடுத்துக்கொண்டு முதலில் எழுந்திருப்பது அவன்தான். தட்டைத் திருப்பி வைக்காவிட்டால் நடவடிக்கை உண்டு என்று 2021 செப்டம்பரில் வந்த விதியைப் பற்றி அவனுக்கு எதுவும் தெரியாது. பள்ளியில் துடைத்த கை, வெளியிலும் துடைக்கிறது.

தமிழ் வகுப்பின் நன்னெறி நேரமும் அப்படி இருக்கட்டும். பயிற்சித்தாளை ஒரு வாரம் ஓரமாக வைத்துவிட்டு, யாராவது ஒரு பெரியவரை வகுப்புக்கு வரவழையுங்கள். பிள்ளைகள் எழுந்து ‘வாங்க’ சொல்லி, நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, அவர் கதையை உட்கார்ந்து கேட்கட்டும். பக்கத்து வீட்டுக்கு ஒரு கிண்ணம் பாயசம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவதை வீட்டுப்பாடமாகக் கொடுங்கள். இன நல்லிணக்க நாளில் வெவ்வேறு உடை உடுத்திப் படம் எடுப்பதோடு, அந்த மலாய்ப் பையன் ஏன் கையைப் பிடித்து நெற்றியில் வைத்தான் என்று அவன் வாயாலேயே சொல்லச் சொல்லிக் கேட்கலாம். இதற்கெல்லாம் புதுப் பாடநூல் தேவையில்லை.

ஆள் தேவை என்றால் நான் வருகிறேன். எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் மாலையில் உட்கார்ந்திருக்கும் ஓய்வுபெற்றவர்களில் தமிழ் பேசுகிறவர்கள் மட்டும் நான்கு பேர். கேட்டுப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை தவிர எந்த நாளும் வரத் தயார் என்கிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ஈசூன்