பதினெட்டு வயதில் இல்லத்தை விட்டு வரும் பிள்ளைகளுக்கு ஒரு துணை வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் வேலூர் சத்துவாச்சாரியில் வசித்து வருகிறேன். ஐடிஐ-யில் ஃபிட்டர் பிரிவுப் பயிற்றுநராக இருந்து ஓய்வு பெற்ற பிறகு, ஆறு ஆண்டுகளாக ஞாயிற்றுக்கிழமைதோறும் இங்குள்ள ஒரு குழந்தைகள் இல்லத்துக்குச் சென்று, ஒன்பதாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை படிக்கும் பிள்ளைகளுக்குக் கணக்கும் அறிவியலும் சொல்லிக்கொடுத்து வருகிறேன். அங்கே கண்ட ஒரு குறையைத் தங்கள் நாளிதழ் வழியாக மாவட்ட நிர்வாகத்துக்கும் வேலூர் மக்களுக்கும் தெரிவிக்க விரும்புகிறேன்.

சென்ற ஆண்டு அந்த இல்லத்திலிருந்து வெளியேறிய இளைஞர் ஒருவர், நண்பருடன் சேர்ந்து காட்பாடியில் ஓர் அறை எடுத்துத் தங்கினார். முதல் வாரம் நான் போய்ப் பார்த்தபோது, சிறிய பாத்திரத்தில் சோறு பொங்கி மூடியைத் தள்ளிக்கொண்டு வந்து, அடுப்பைச் சுற்றிலும் கஞ்சி வழிந்து காய்ந்திருந்தது. இரண்டு பேருக்கு எத்தனை டம்ளர் அரிசி போட வேண்டும் என்று அவருக்குத் தெரியவில்லை. ஏழு வயது முதல் அறுபது பேருக்கு அண்டாவில் வடிப்பதைத்தான் அவர் பார்த்திருக்கிறார், அதையும் தூரத்திலிருந்துதான். மணி அடித்தால் தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நிற்பார். கால் கிலோ பருப்பு என்ன விலை, கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும், மாதக் கடைசிக்கென்று கொஞ்சம் எடுத்து வைக்க வேண்டும் என்பதையெல்லாம் வீட்டில் வளரும் பிள்ளைக்கு யாரும் உட்கார வைத்துப் பாடம் நடத்துவதில்லை; அம்மா கடைக்கு அனுப்பும்போதும், அப்பா வாடகைப் பணத்தை எண்ணும்போதும் பக்கத்தில் இருந்தே அது கற்றுக்கொண்டுவிடுகிறது. இல்லத்துப் பிள்ளைக்கு வாய்க்காதது அந்தப் பக்கத்தில் இருத்தல்தான். இதை அந்த இல்லத்தின் மீது குறையாக நான் சொல்லவில்லை. அங்குள்ள பணியாளர்கள் தங்களால் இயன்றதற்கு மேலாகவே செய்கிறார்கள். அறுபது பிள்ளைகளை நான்கைந்து பேர் பார்த்துக்கொள்ளும் இடத்தில் ஒவ்வொருவரையும் தனித்தனியே கடைக்கு அழைத்துச் செல்ல முடியாது.

சட்டம் இப்பிள்ளைகளை மறந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இளைஞர் நீதி (குழந்தைகள் பராமரிப்பு மற்றும் பாதுகாப்பு) சட்டம், 2015, தன் 46-ஆம் பிரிவில், 18 வயது நிறைந்து இல்லத்தை விட்டுச் செல்பவர்கள் சமூகத்தில் கலந்து வாழ்வதற்கு நிதியுதவி அளிக்க வழி செய்திருக்கிறது. அச்சட்டத்தின் கீழ் 2016-இல் வெளியான மாதிரி விதிகளின்படி, பிற்காப்பு எனப்படும் இந்த உதவியை 21 வயது வரையிலும், தனிப்பட்ட சூழ்நிலை இருந்தால் அதன்பின் இரண்டு ஆண்டுகளுக்கும் வழங்கலாம். ஆறு முதல் எட்டுப் பேர் சேர்ந்து தங்கத் தற்காலிக வீடு, தொழிற்பயிற்சிக் காலத்தில் உதவித்தொகை, மேற்படிப்புக்குப் பணம், இவர்களோடு தொடர்ந்து பேசிவர ஓர் ஆலோசகர் ஆகியவையும் அதில் அடங்கும். குழந்தைகள் பாதுகாப்புக்கான மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் பிற்காப்புக்கென்று ஒருவருக்கு மாதம் 4,000 ரூபாய் ஒதுக்கப்பட்டிருக்கிறது. ஆனால் அதே விதிகள், பிள்ளை வெளியேறுவதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்னால் பிற்காப்புத் திட்டத்தை எழுதிக் குழந்தைகள் நலக் குழுவிடம் கொடுத்தால் போதும் என்று வைத்திருக்கின்றன. ஒரு கோப்பை முடிக்க அந்த இரண்டு மாதம் போதுமானதாக இருக்கலாம். தன் சம்பளத்தில் தானே ஒரு மாதத்தை ஓட்டவும், எந்தப் படிப்பு தனக்கு ஒத்துவரும் என்று முடிவெடுக்கவும் ஒரு பிள்ளை பழகுவதற்கு அது எப்படிப் போதும்? அதுவும் பலருக்குப் பிறந்த தேதி ஜனவரியிலோ பிப்ரவரியிலோ வந்துவிடுகிறது. மார்ச் மாதப் பொதுத்தேர்வுக்குப் படிக்க வேண்டிய நேரத்தில், எங்கே போய்த் தங்குவது என்ற கவலையில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வெறுமனே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளை நான் பார்க்கிறேன்.

இந்தப் பயிற்சி ஒன்பதாம் வகுப்பிலேயே தொடங்க வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை. ஒவ்வொரு பிள்ளைக்கும் பெயர் குறித்த ஒரு பெரியவர் அப்போதே நியமிக்கப்பட்டு, பிள்ளைக்கு 21 வயது ஆகும் வரை அவர் கூடவே வர வேண்டும்.

ஏன் அவ்வளவு முன்னதாக என்று கேட்கலாம். அரசுப் பள்ளிகளில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவர்களுக்கு, மருத்துவப் படிப்பில் 2020 முதலும், பொறியியல் முதலிய தொழிற்படிப்புகளில் 2021 முதலும் 7.5 விழுக்காடு இடங்கள் ஒதுக்கப்படுகின்றன. இல்லத்துப் பிள்ளைகள் இடையில் வேறு இல்லத்துக்கு மாற்றப்படுவது உண்டு; அப்போது பக்கத்தில் இருக்கிறது என்பதற்காக அரசு உதவி பெறும் பள்ளியில் இரண்டு ஆண்டு சேர்த்துவிட்டால், அந்த ஒதுக்கீடு பறிபோய்விடும். பெற்றவர்கள் இருந்தால் விசாரித்துவிட்டுத்தான் பள்ளி மாற்றுவார்கள். இப்பிள்ளைகளுக்காக விசாரிக்க யாரும் இருப்பதில்லை.

சான்றிதழ்களின் கதை இன்னும் பெரியது. தமிழ்நாட்டின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில், பத்து வயதுக்கு முன்பே பெற்றோரை இழந்து, சட்டப்படியோ வழக்கப்படியோ கவனிக்க வேறு எவரும் இன்றி, அரசு நடத்தும் அல்லது அரசு அங்கீகரித்த இல்லங்களில் சேர்க்கப்பட்ட ஆதரவற்ற பிள்ளைகளும் இடம்பெற்றிருக்கிறார்கள். இது அந்தப் பிள்ளைகளில் பலருக்குத் தெரியாது. கவுன்டரில் உட்கார்ந்திருப்பவர்களிலும் சிலருக்குத் தெரிவதில்லை. நான் சொல்லிக்கொடுத்த மாணவி ஒருவர், தன் சாதி என்னவென்று தெரியாததால் பொதுப் பிரிவில் விண்ணப்பிக்க இருந்தார். நான் விவரம் சொல்லி ஓர் அலுவலகத்துக்கு அழைத்துச் சென்றபோது, அப்பாவின் சாதிச் சான்றிதழைக் கொண்டுவரச் சொன்னார்கள். "அப்பா இல்லைங்க" என்றார். அப்படியானால் அம்மாவுடையதைக் கொண்டு வாருங்கள் என்றார்கள். அந்தப் பெண் ஒன்றும் பேசாமல் தன் கையிலிருந்த பிளாஸ்டிக் உறையின் ஜிப்பை மூடித் திறந்து, மூடித் திறந்து நின்றதை என்னால் மறக்க முடியவில்லை. நான்கு முறை அலைந்த பிறகு சான்றிதழ் கிடைத்தது. நான் உடன் இருந்திராவிட்டால் இரண்டாவது முறை அவர் அங்கே போயிருக்கமாட்டார். 2019-இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்த பின், வேலூர் இல்லத்தில் வளர்ந்த பிள்ளையின் சொந்த ஊர் திருப்பத்தூரிலோ ராணிப்பேட்டையிலோ இருந்துவிட்டால், இந்த அலைச்சல் இன்னும் கூடுகிறது. இன்னொரு மாணவருக்கு ஆதாரில் பதிந்திருந்த கைபேசி எண் முன்பு இருந்த காப்பாளருடையது. அவர் வேலையை விட்டு ஊர் மாறிப் போய்விட்டார். கல்லூரி விண்ணப்பத்துக்கான ஓடிபி ஒவ்வொரு முறையும் அவருடைய எண்ணுக்குப் போய்க்கொண்டிருந்தது. 16 வயதிலேயே யாராவது ஒருவர் அரை நாள் ஒதுக்கி ஆதார் மையத்துக்கு அழைத்துச் சென்றிருந்தால் தீர்ந்திருக்கும் வேலை இது.

வேலை விஷயத்தில் நான் கண்டது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. வெளியே வரும் பிள்ளை முதலில் பார்ப்பது சம்பளத்தையும் அல்ல, தொழிலையும் அல்ல. தங்க இடம் தருகிறார்களா என்பதையே. அதனால்தான் நன்றாகப் படித்த பையன்களும் ஓட்டல், மெஸ், துணிக்கடை என்று சாப்பாடும் படுக்க இடமும் கொடுக்கும் வேலைகளுக்குப் போய்விடுகிறார்கள். வெல்டிங்கில் நல்ல கை உள்ள ஒரு பையன் இன்று மருத்துவமனைக்கு எதிரே உள்ள ஓர் உணவகத்தில் மேசை துடைக்கிறான். உழைத்துச் சாப்பிடுகிறான், அதில் எந்தக் குறைவும் இல்லை. ஆனால் அவன் விரும்பியது அதுவல்ல. ராணிப்பேட்டை சிப்காட்டிலும் ஆம்பூர், வாணியம்பாடி தோல் தொழிற்சாலைகளிலும் கைத்தொழில் தெரிந்தவர்களுக்கு இடம் இருக்கிறது. 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டப்படி அப்ரென்டிஸாகச் சேர்ந்தால் மாதந்தோறும் உதவித்தொகை உண்டு. ஆனால் அந்தத் தொகையில் வாடகையும் சாப்பாடும் பேருந்துச் செலவும் போக ஒன்றும் மிஞ்சாது. வீட்டுக்காரர் கேட்கும் அட்வான்ஸுக்கு எங்கே போவது? "அப்பா என்ன பண்றாரு, சொந்த ஊர் எது?" என்று கேட்டுவிட்டு, பதிலைக் கேட்டதும் வீடு இல்லை என்று சொன்னவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். விதிகளில் சொல்லப்பட்ட அந்த ஆறு எட்டுப் பேர் தங்கும் வீடுகள், ஆண்களுக்கு ஒன்றும் பெண்களுக்கு ஒன்றுமாக, காட்பாடி–பாகாயம் பேருந்துத் தடத்தில் அமைந்தால், கல்லூரிக்கும் வேலைக்கும் போய்வர எளிதாக இருக்கும். ஒரு பையன் தன் பயிற்சியை முழுதாக முடிப்பான்.

பெண் பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. 18 வயதானதும் நல்ல இடமாகப் பார்த்துக் கட்டிக்கொடுத்துவிட்டால் பொறுப்பு முடிந்தது என்று நல்லெண்ணத்தோடு நினைப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அரசுப் பள்ளியில் படித்து மேற்படிப்புக்குச் செல்லும் பெண்களுக்கான புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும் என்றும், செவிலியர் படிப்புக்கு இந்த ஊரைப்போல வாய்ப்புள்ள ஊர் குறைவு என்றும் பத்தாம் வகுப்பிலேயே அவர்களுக்கு எடுத்துச் சொல்ல ஓர் ஆள் இருந்தால், அந்தப் பேச்சே எழாது.

இத்தனைக்கும் ஆட்களைத் தேடி எங்கும் போக வேண்டியதில்லை. பிற்காப்பில் உதவ முன்வரும் அமைப்புகளின் பெயர்களோடு தனிநபர்களின் பெயர்களையும், அவரவர் உதவக்கூடிய துறைவாரியாகப் பட்டியலிட்டு வைக்க வேண்டும் என்று மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு மாதிரி விதிகளே சொல்கின்றன. ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், செவிலியர்கள், வங்கி ஊழியர்கள், ரயில்வே ஊழியர்கள் இந்த ஊரில் எத்தனை பேர்! அந்தப் பட்டியலைப் பற்றி அவர்களுக்குத் தெரியும்படி அறிவிப்பு வெளியிட்டு, வருபவர்களின் பின்னணியைக் காவல்துறை மூலம் முறையாகச் சரிபார்த்து, சில நாள் பயிற்சி கொடுத்து, ஒருவருக்கு ஒன்றிரண்டு பிள்ளைகளுக்கு மேல் ஒப்படைக்காமல், அலகின் மேற்பார்வையிலேயே இதை நடத்தலாம். குறைந்தது மூன்று ஆண்டாவது வருவேன் என்று உறுதி கொடுப்பவர்களை மட்டும் சேர்க்க வேண்டும். ஏற்கெனவே பலரை இழந்த பிள்ளைகளிடம் ஆறு மாதம் பழகிவிட்டு வராமல் நின்றுவிடுவதைவிட, வராமலே இருப்பது நல்லது. பிறந்தநாளன்று இல்லத்துக்கு வந்து சாப்பாடு போடும் அன்பர்களை நான் மதிக்கிறேன். அன்று பிள்ளைகள் மகிழ்ச்சியாகவே இருக்கிறார்கள். அவர்களில் சிலராவது அடுத்த வாரமும் வந்து ஒரு பிள்ளையை வங்கிக்கு அழைத்துப் போய்ச் செலான் எழுதப் பழக்கினால், அது அந்தப் பிள்ளைக்கு நெடுநாள் உதவும்.

மேலே சொன்ன காட்பாடி இளைஞர் இப்போது ஒரு தொழிற்சாலையில் பழகுநராக இருக்கிறார். நேர்காணலுக்கு முந்தைய நாள் இரவு எனக்குப் போன் செய்தார். விண்ணப்பத்தில் அவசரத் தொடர்பு எண் என்று ஒரு கட்டம் இருக்கிறதாம். "சார், உங்க நம்பர் போட்டுக்கட்டுமா?" என்று கேட்டார். போட்டுக்கொள்ளச் சொன்னேன்.

வரும் கல்வியாண்டில் நான் செல்லும் இல்லத்திலிருந்து ஐந்து பிள்ளைகள் வெளியேற இருக்கிறார்கள். மாவட்ட ஆட்சியர் அவர்கள் இதில் கவனம் செலுத்தி, மேற்கண்ட பட்டியலை விரைவில் தொடங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். தொழிற்கல்வி என்ற தலைப்பின் கீழ் என் பெயரை எழுதிக்கொள்ளலாம். ஞாயிறு மட்டுமன்றிச் சனிக்கிழமையும் என்னால் வர முடியும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஐடிஐ பயிற்றுநர்,
சத்துவாச்சாரி, வேலூர்.