உறைக்குள் அடங்காத ஸ்தோத்திரம்

கிறிஸ்துவுக்குள் அன்பான அத்தைக்கும், எங்கள் சபைப் போதகரான ஐயர் அவர்களுக்கும், மனநல ஆலோசகர் அம்மாவுக்கும், என் மனைவிக்கும்,

ஆலயத்தில் நன்றியாகப் படைக்கும் ஸ்தோத்திரக் காணிக்கை உறையின் மேல் ஒரு வரி எழுதிப் போட்டுவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஒரு வரியில் அடங்கவில்லை. உங்கள் பெயர்களை மட்டும் தவிர்த்துவிட்டு, நாலு பேர் அறிய எழுதுகிறேன்.

குடித்துவிட்டு வரும் அப்பா, அவருடைய பெல்ட், அதற்கு முன்னால் கேட்கும் வெளிக்கதவின் கொண்டிச் சத்தம். என் சிறுவயதைப் பற்றி இவ்வளவு சொன்னால் போதும். முப்பது வயது தாண்டிய பிறகும், அலுவலகத்தில் யாராவது கதவைப் படீரென்று சாத்தினால் எனக்கு உள்ளங்கை வேர்த்துவிடும்.

அத்தை, அந்த இரவுகளில் உங்கள் வீட்டுக்கு ஓடி வருவேன். என்ன நடந்தது என்று நீங்கள் கேட்டதே இல்லை. சோறு போட்டு, மாமாவின் பழைய வேட்டியைப் போர்த்திப் படுக்க வைப்பீர்கள். பல வருடங்கள் கழித்து ஆலோசகர் அம்மா, "பயமில்லாமல் இருந்த ஓர் இடத்தை நினைத்துக்கொள்ளுங்கள்" என்றபோது, புகை படிந்த உங்கள் அடுக்களைதான் கண்முன் வந்தது. சிகிச்சை முழுவதும் அங்கே போய் உட்கார்ந்துகொண்டுதான் மற்றதையெல்லாம் பார்த்தேன்.

ஆலோசகர் அம்மா, உங்கள் இரண்டு விரல்கள் இடமும் வலமும் அசைய, நான் பழைய இரவு ஒன்றை நினைத்தபடி கண்ணால் அவற்றைத் தொடர வேண்டும். சற்று நிறுத்தி, "இப்போது என்ன தோன்றுகிறது?" என்பீர்கள். கண்கட்டு வித்தையோ என்று சந்தேகப்பட்டேன். மனக்காயங்களுக்கு உலக சுகாதார நிறுவனம் 2013-இலேயே பரிந்துரைத்த இ.எம்.டி.ஆர். (EMDR) என்ற சிகிச்சை முறை இது என்று பொறுமையாக விளக்கினீர்கள். அந்த இரவுகள் மறந்துபோகவில்லை. ஆனால் அவை என்றோ முடிந்துபோனவை என்று உடம்புக்கு இப்போது தெரிகிறது. நீங்கள் கிறிஸ்தவர் அல்ல. இருந்தும் என் ஜெபத்தை ஒருநாளும் நோயின் கணக்கில் சேர்க்கவில்லை. அதற்குத் தனியாக ஒரு நன்றி.

ஐயர் அவர்களே, பயத்தின் ஆவி பிடித்திருக்கிறது என்று சிலர் சொல்லிக்கொண்டிருந்த நாட்களில் நீங்கள் வீட்டுக்கு வந்து 88-ஆம் சங்கீதத்தை வாசித்தீர்கள். துதியில் முடியாமல் இருளிலேயே முடிகிற சங்கீதம் அது. இதுவும் வேதத்தில்தான் இருக்கிறது என்றீர்கள். சாக வேண்டும் என்று சூரைச்செடியின் கீழ் படுத்த எலியா தீர்க்கதரிசியைத் தூதன் கடிந்துகொள்ளவில்லை, அடையும் தண்ணீரும் கொடுத்து மறுபடி தூங்கவிட்டான் என்று சொல்லி, மருத்துவரிடம் போகச் சொன்னதும் நீங்கள்தான்.

தாய் தகப்பனைக் கனம்பண்ணு என்ற ஐந்தாம் கட்டளையை எனக்கு நினைவூட்டியவர்கள் நிறையப் பேர். பிள்ளைகளைக் கோபப்படுத்த வேண்டாம் என்று எபேசியர் 6-ஆம் அதிகாரம் தகப்பன்மாருக்குச் சொல்வதை என் அப்பாவிடம் ஒருவரும் வாசித்துக் காட்டியதாகத் தெரியவில்லை. நீங்களோ, மன்னித்துவிட்டாயா என்று என்னை அவசரப்படுத்தவே இல்லை. இப்போது அப்பாவோடு போனில் பேசுகிறேன். ஆனால் அவர் வீட்டில் நான் இரவு தங்குவதில்லை. இரண்டும் சேர்ந்தே இருக்கலாம் என்று நீங்கள் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

என் மனைவிக்கு: நடு இரவில் நான் எழுந்து உட்காரும்போதெல்லாம் விளக்கைப் போட்டு, "இது தாம்பரம், நம் வீடு" என்று சொல்வாயே, அதற்கு.

எனக்கு நடந்தது தங்களுக்கும் நடந்தது என்று தனியாக வந்து சொன்னவர்களுக்கு: 14416 என்ற எண்ணில் அரசின் டெலி மானஸ் மனநலச் சேவை இரவு பகலாக, இலவசமாக இயங்குகிறது, தமிழிலேயே பேசலாம். இன்றைக்கு அடிவாங்கும் பிள்ளை பக்கத்து வீட்டில் இருந்தால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்குச் சொல்லுங்கள்.

அத்தை, சபையார் கூடி விருந்துண்ணும் அசனப் பண்டிகைக்குக் குடும்பத்தோடு பாளையங்கோட்டை வருகிறோம். உங்கள் வீட்டில்தான் தங்குவோம்.

அன்புடன்,
உங்கள் மருமகன்