மண்வெட்டியைக் கீழே வை

ஆதம்பாக்கம்,
மார்கழி

அன்புள்ள வசந்தி,

இங்கே எல்லாரும் நலம். சரோஜா டீச்சருக்கு முழங்கால் ஆபரேஷன் முடிஞ்சு, பழையபடி எல்லாரையும் அதட்ட ஆரம்பிச்சுட்டாங்க. மத்த கதை அப்புறம்.

நேத்து நீ அனுப்பின, உங்க தோட்டத்து வாழையோட போட்டோவைப் பார்த்து மனசு பதறிடுச்சு. இலையெல்லாம் கறுத்துத் தொங்குது, "செத்துப்போச்சு, ஞாயித்துக்கிழமை தோண்டிடப் போறோம்"னு எழுதியிருக்கே. தோண்டாதேடி. அது சாகலை.

வெளியே தெரியற தண்டு முழுக்க மட்டைக்குள்ள மட்டை. குருத்து கிளம்பற இடம் அடியில, கிழங்குல இருக்கு. உறைபனி ஒரே ராத்திரியில இலையைக் கருக்கிடும். மண்ணுக்குள்ள அது அவ்வளவு சீக்கிரம் இறங்காது. 2016 டிசம்பர் 12, வர்தா புயல் அடிச்ச அன்னிக்கு எங்க கொல்லையில பூவன் வாழை அத்தனையும் முறிஞ்சு விழுந்துச்சு. எதிர்வீட்டுக்காரர் வேரோட தோண்டச் சொன்னார். அம்மா கேட்கலை, முறிஞ்சதை மட்டும் வெட்டிப் போட்டாங்க. தை முடியறதுக்குள்ள சுத்தியும் கன்னு கிளம்பிடுச்சு.

ஆனா நம்ம ஊர்க் கணக்கு இங்கிலாந்துல உங்க லீட்ஸுக்குச் செல்லாது. சென்னையில இதுவரை பதிவான கடுங்குளிரே 13.9 டிகிரிதான். அந்தக் குளிருக்கே பூவனும் ரஸ்தாளியும் வளராம அப்படியே நின்னுடும். நீ வச்சிருக்கற மூசா பாஸ்ஜூ வேற ஜாதி. ஜப்பான் வாழைன்னு பேரு, பூர்வீகம் சீனா. மேல கனமா மூடி வச்சா அதோட கிழங்கு பூஜ்யத்துக்குக் கீழே பத்து டிகிரி வரைக்கும் தாங்கும். குலைக்காக உங்க வீட்டுக்காரர் காத்துக்கிட்டிருந்தா இப்பவே சொல்லிடு, அதுல காய் வந்தாலும் உள்ளே முழுக்கக் கொட்டைதான்.

செய்ய வேண்டியது இதுதான். கறுத்த இலையை எல்லாம் வெட்டு, தண்டை விட்டுடு. தண்டைச் சுத்திக் கம்பிவலையைக் கூண்டு மாதிரி நிறுத்தி, உள்ளே காய்ஞ்ச வைக்கோலை உச்சி மறையற வரைக்கும் திணி. அடியிலேயும் தாராளமாப் பரப்பு. தண்டு பிழைச்சா வசந்தத்துல விட்ட உயரத்துலேருந்து வளரும். தண்டு போச்சுன்னா கிழங்கு தரையிலேருந்து மறுபடி ஆரம்பிக்கணும். அதனாலதான் இத்தனை பாடு.

குளிரை விட எனக்குப் பயம் உங்க ஊர் மழைதான். மேல தண்ணி இறங்காம ஒரு மூடி போடு. பிளாஸ்டிக்கைத் தண்டோட இறுக்கிச் சுத்திடாதே. உள்ளே வேர்த்து வேர்த்து அழுகிடும். குளிர்காலம் முழுக்கத் தண்ணி ஊத்தவே ஊத்தாதே. உறைபனி விழறது நின்ன பிறகுதான் பிரிக்கணும். மார்ச்சுல நாலு நாள் வெயில் அடிச்சதும் அவசரப்படுவே, உன்னை எனக்குத் தெரியாதா! பத்மாவோட முறுக்கையே வேகறதுக்கு முன்னாடி எடுத்தவ நீ.

அம்மாகிட்ட போட்டோவைக் காட்டினேன். இப்பல்லாம் அதிகம் பேசறதில்லை. உத்துப் பார்த்துட்டு, "அடி கெட்டியா இருக்கான்னு அமுக்கிப் பார்க்கச் சொல்லு"ன்னாங்க. கெட்டியா இருந்தா உயிர் இருக்கு. கொழகொழன்னு நாறினா மட்டும் நீ சொல்றது சரி.

வசந்தி, ஒண்ணு சொல்லணும். இந்த வீட்டை இடிச்சு அடுக்குமாடி கட்ட அண்ணன் கையெழுத்துப் போட்டுட்டான். சித்திரையில காலி பண்ணணும். கொல்லை இருக்காது. அம்மாகிட்ட இன்னும் சொல்லலை, எப்படிச் சொல்றதுன்னும் தெரியலை. ரெண்டு பூவன் கன்னை மட்டும் பேர்த்து மதுராந்தகம் சித்தி தோட்டத்துல வைக்கலாம்னு இருக்கேன். நீ இருந்தா ஒரு வழி சொல்லியிருப்பே. இந்த வாரம் ஒரு நாள் கூப்பிடு, எந்நேரமானாலும் சரி.

பத்மா பொண்ணு கல்யாணம் தை கடைசியில. வருவியா, இல்லை போன தடவை மாதிரி புடவை மட்டும் வருமா?

வைக்கோல் எங்கே கிடைக்கும்னு கேப்பே. முயல், கோழி வளர்க்கறவங்களுக்குத் தீனி விக்கற கடையில கேளு. சனிக்கிழமைக்குள்ள வாங்கிடு.

உன்
மீனா