மூச்சு வாங்கிய இடம்

எங்கள் ஊராருக்கும், பள்ளி மேலாண்மைக் குழுவினருக்கும், கடந்த பத்து நாட்களில் எங்கள் ஊடக வகுப்பின் பக்கம் நின்ற அனைவருக்கும் வணக்கம்.

நடந்ததை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். உங்களில் பலர் அந்தத் துண்டுக் காணொளியை எனக்கு முன்பே வாட்ஸ்அப்பில் பார்த்துவிட்டீர்கள். ஆகவே அதை விரிவாக எழுதப்போவதில்லை. எங்கள் மாணவர்கள் எடுத்த படத்தில் ஒருவரின் பேச்சு பாதியில் வெட்டப்பட்டிருந்தது; அந்தத் துண்டு பரவி ஊர் இளைஞர்கள் கோபம்கொண்டார்கள்; வகுப்பு தொடரலாமா என்ற கேள்வி எழுந்தது. வகுப்பு தொடர்ந்து நடக்கலாம் என்று நேற்று மாலைக் கூட்டத்தில் முடிவானபோது, எழுந்து நின்று இரண்டு வார்த்தை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதற்காகவே இம்மடல்.

முதல் நன்றி, படத்தில் பேசிய அந்த அம்மாவுக்கு. பெயரைப் போட வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டிருப்பதால், எங்கள் மாணவிகள் அழைப்பதுபோல் ஆயா என்றே குறிப்பிடுகிறேன். கூட்டத்துக்கு முந்தைய நாள் காலை, தாளடி நடவு மும்முரமாக நடந்துகொண்டிருக்கும் நேரத்தில், அன்றைய கூலியை விட்டுவிட்டு அவர் பாமணியாற்றுக் கரைவழியாக நடந்தே பள்ளிக்கு வந்தார். யாரும் அவரை அழைக்கவில்லை. சண்டை போடத்தான் வருகிறார் என்று நினைத்து, படத்தொகுப்புச் செய்த பதினொன்றாம் வகுப்பு மாணவி கணினிக்குப் பின்னால் ஒதுங்கி நின்றாள். அவரோ வாசலில் காலைக் கழுவிவிட்டு உள்ளே வந்து முன்வரிசைப் பெஞ்சில் உட்கார்ந்தார். "நான் பேசுனத முழுசா போடு, கேக்குறேன்" என்றார்.

நடவு இயந்திரமும் நேரடி விதைப்பும் வந்தபின் நடவுப் பெண்களின் வேலை எப்படிச் சுருங்கியது என்பதுதான் பிள்ளைகள் எடுத்த படம். ஆயா வரப்பில் நின்று 4 நிமிடம் பேசியிருந்தார். படத்தில் இருந்ததோ 11 வினாடிகள். "இந்த ஊருப் புள்ளைங்க ஒண்ணுகூட வயல்ல கால வைக்காது" என்பதோடு அவர் பேச்சு அதில் முடிந்துவிட்டது. முழுப் பதிவில் அது முடியவில்லை. ஒரு மூச்சு இடைவெளி, அதற்குள் ஓர் ஆட்டின் கத்தல், அதன்பிறகு, "வைக்கவும் வேணாம், அதுங்க படிக்கட்டும்னுதானே நாங்க வச்சோம்" என்று அவர் குரல் தொடர்ந்தது.

வெட்டிய இடத்தைக் காட்டச் சொன்னார். மாணவி கைநடுக்கத்தோடு திரையில் ஒலி அலை தாழ்ந்திருந்த இடத்தைத் தொட்டுக் காட்டினாள். ஆயா சற்று நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "மூச்சு வாங்க நிறுத்துனேன் கண்ணு, பேச்ச நிறுத்தல" என்றார். அவ்வளவுதான். மாணவியின் தலையைத் தடவிவிட்டு, மறுநாள் கூட்டத்துக்கு வந்து இதையே தாம் சொல்வதாகச் சொல்லிவிட்டுப் புறப்பட்டார். சொன்னபடியே வந்து சொல்லவும் செய்தார். பேருந்துக்குக் கொடுத்த காசையும் வாங்கவில்லை.

பேச்சு நின்ற இடத்தில் வெட்டு, இரைச்சல் வந்தால் நீக்கு என்று அந்த மாணவிக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான்தான். நாளிதழ்த் தலைப்புகளையும் தொலைக்காட்சி விவாதங்களையும் முன்னால் வைத்துக்கொண்டு, யார் பேசுகிறார், யாருடைய பேச்சு விடுபட்டிருக்கிறது, எதற்கு அடுத்து எது வைக்கப்பட்டிருக்கிறது என்று ஒரு பருவம் முழுவதும் கேள்வி கேட்கப் பழக்கியவனும் நானே. நூறாண்டுகளுக்கு முன் ரஷ்ய இயக்குநர் லெவ் குலஷோவ் ஒரு நடிகரின் அசைவற்ற முகத்தை ஒருமுறை சூப் கிண்ணத்தோடும் ஒருமுறை சவப்பெட்டியோடும் ஒட்டிக் காட்ட, அதே முகத்தில் பார்வையாளர்கள் முதலில் பசியையும் பிறகு துக்கத்தையும் கண்டதாகச் சொல்லப்படும் சோதனையைக்கூட வகுப்பில் செய்து பார்த்துச் சிரித்தோம். அத்தனை கேள்விகளையும் பிறருடைய படங்களிடம் கேட்ட நாங்கள், எங்கள் படத்திடம் ஒன்றையும் கேட்கவில்லை.

செல்பேசியில் படம் பிடிப்பதெல்லாம் ஒரு படிப்பா என்று கூட்டத்தில் கேட்ட பெற்றோர் மீது எனக்கு வருத்தம் இல்லை. 1982-ஆம் ஆண்டு ஜெர்மனியின் குரூன்வால்டில் யுனெஸ்கோவின் முன்முயற்சியில் கூடியவர்கள் வெளியிட்ட பிரகடனம், ஊடகப் படைப்புகளை ஆராய்வதையும் ஊடகத்தைக் கொண்டு தாமே படைப்பதையும் மாணவர்களுக்கு ஒருசேரக் கற்பிக்க வேண்டும் என்றது. அந்த இரண்டும் ஏன் பிரியக்கூடாது என்பது எனக்கு விளங்க, ஆயா ஒருநாள் கூலியை இழக்க வேண்டியிருந்தது.

கூட்டத்தில் பொறுமையாகப் பேசிய தலைமையாசிரியர், அழிந்துபோனதாக நாங்கள் நினைத்த மூலப்பதிவை ஓர் இரவு முழுவதும் உட்கார்ந்து மீட்டுக்கொடுத்த மன்னார்குடி ஸ்டூடியோக்காரர், காசு வாங்காமல் மைக் தந்த மைக்செட் அண்ணன், வீடு வீடாகச் சென்று இளைஞர்களைச் சமாதானப்படுத்திய முன்னாள் மாணவர்கள், கோபத்தோடு வந்தும் முழுப் பதிவையும் கேட்டுவிட்டுப் போன அந்த இளைஞர்கள், எல்லோருக்கும் எங்கள் நன்றி. துண்டைப் பரப்பியவர்கள் முழுப் பதிவையும் அதே வேகத்தில் பரப்பியிருந்தால் அவர்களுக்கும் சேர்த்தே நன்றி சொல்லியிருப்பேன்.

இனி எங்கள் வகுப்பில் எடுக்கப்படும் எந்தப் படமும், அதில் பேசியவர் முழுமையாகப் பார்த்துச் சரி என்று சொல்லாமல் வெளியே போகாது. மூலப்பதிவுகள் கல்வியாண்டு முடியும்வரை பள்ளியில் பத்திரமாக இருக்கும். வெட்டுவதற்கு முன் அடுத்த வாக்கியத்தையும் கேட்க வேண்டும் என்பதை மாணவர்களே சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். இதை ஊரார் முன் வைக்கும் உறுதிமொழியாக ஏற்றுக்கொள்ள வேண்டுகிறேன்.

நீடாமங்கலத்தில் ஆற்றுநீரைப் பிரித்துவிடும் மூணாறு தலைப்பு என்ற இடத்தில், வெண்ணாற்றிலிருந்து கோரையாறும் பாமணியாறும் பிரியும் காட்சியோடு தொடங்கும் அந்தப் படம், திருத்திய வடிவில் வரும் சனிக்கிழமை மாலை பள்ளி வளாகத்தில் திரையிடப்படும். ஆயாவின் பேச்சு இப்போது முழுமையாக இருக்கிறது. திருத்தியதை அவரிடம் போட்டுக்காட்டியபோது ஒன்றை மட்டும் கேட்டுக்கொண்டார்: "ஆடு கத்துறத எடுத்துடாதீங்க, அது என் ஆடுதான்." எடுக்கவில்லை.

இப்படிக்கு,
ஊடக வகுப்பு ஆசிரியர்