லிங்கனின் மனைவியை மேடையில் ஏசுவோருக்கு

பட்டிமன்றப் பேச்சாளர்களுக்கும் தன்னம்பிக்கை நூல் எழுதுவோருக்கும் வணக்கம்.

பொறுமைக்கு உதாரணம் வேண்டுமென்றால் ஆப்ரகாம் லிங்கனைக் கூப்பிடுகிறீர்கள். கூடவே, அவரை வாட்டி வதைத்த பெண்டாட்டி என்று மேரியையும் இழுத்து வருகிறீர்கள். அண்மையில் ஒரு பள்ளி ஆண்டு விழாவில், கணவர் முகத்தில் மேரி காபியை வீசிய கதையைக் கேட்டுப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை.

மேரிக்கு முன்கோபம் உண்டு. கடன் சொல்லித் துணிமணி வாங்கிக் குவித்ததும் உண்மைதான். ஆனால் அவர் பெயரை ஊரெல்லாம் கெடுத்தவர்களில் முதல் ஆள் வில்லியம் ஹெர்ண்டன், லிங்கனோடு சேர்ந்து வக்கீல் தொழில் செய்தவர். அவருக்கும் மேரிக்கும் ஆகவே ஆகாது. லிங்கன் இறந்த மறு ஆண்டே, லிங்கன் மனதார நேசித்தது இளம் வயதில் இறந்துபோன ஆன் ரட்லெட்ஜை மட்டும்தான் என்று மேடையேறிப் பேசினார். கைம்பெண் ஒருத்தி அதைக் காதால் கேட்க வேண்டியிருந்தது.

பெற்ற நான்கு மகன்களில் எட்வர்ட் 1850இல் நான்கு வயது நிரம்பாமலே போனான். வில்லி 1862இல், பதினொரு வயதில், வெள்ளை மாளிகையிலேயே காய்ச்சலில் இறந்தான். 1865இல் நாடக அரங்கில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோதே கணவர் சுடப்பட்டார். 1871இல் கடைக்குட்டி தாமஸும் போனான், வயது 18. மிச்சம் மூத்தவர் ராபர்ட் ஒருவர்தான்.

1875 மார்ச்சில் ஃபுளோரிடாவில் இருந்தபோது, ராபர்ட் சாகக் கிடக்கிறார் என்ற பயம் மேரியைப் பிடித்துக்கொண்டது. தந்தி அடித்துவிட்டு ரயிலேறி சிகாகோவுக்கு ஓடிவந்தார். நிலையத்தில் மகன் நல்ல உடம்போடு நின்றிருந்தார். மூன்று பிள்ளைகளைப் புதைத்த எந்தத் தாய்க்கும் அந்தப் பயம் வராதா? நீதிமன்றத்திலோ அதுவே அவர் புத்தி பேதலித்ததற்குச் சாட்சியாக வைக்கப்பட்டது.

அம்மாவுக்குப் புத்தி சரியில்லை என்று வழக்குப் போட்டவர் அதே ராபர்ட். மே 19 அன்று, முன்னறிவிப்பே இல்லாமல், தங்கியிருந்த ஓட்டலிலிருந்து மேரியை நேரே நீதிமன்றத்துக்கு அழைத்துப் போனார்கள். ஓட்டல் ஊழியர்கள், கடைக்காரர்கள், அவரைப் பரிசோதித்தே பார்க்காத மருத்துவர்கள் என்று பதினேழு பேர் சாட்சி சொன்னார்கள். தொங்கவிடச் சொந்த வீடில்லாதவர் திரைச்சீலையாக வாங்குகிறார் என்றார்கள். அவர் தரப்பில் ஒரு சாட்சிகூடக் கூப்பிடப்படவில்லை. ஜூரியாக, அதாவது தீர்ப்புச் சொல்லும் குழுவாக, உட்கார்ந்திருந்த பன்னிரண்டு ஆண்கள் அவருக்குப் புத்தி சரியில்லை என்று சில நிமிடங்களில் முடிவு சொல்லிவிட்டார்கள். அப்புறம், உள்பாவாடையில் தைத்து வைத்திருந்த ஐம்பதாயிரம் டாலருக்கும் மேலான பத்திரங்களையும் கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

படேவியா ஊரின் மனநலக் காப்பகத்தில் அடைத்தும் அவர் ஓய்ந்துவிடவில்லை. வெளியே கடிதம் எழுதினார். சட்டம் படித்தும் பெண் என்பதால் வக்கீலாக ஏற்கப்படாத மைரா பிராட்வெல் அவருக்காகப் பத்திரிகைகள் வரை போனார். நான்கு மாதத்துக்குள் மேரி வெளியே வந்து அக்கா வீடு சேர்ந்தார். மறு ஆண்டு ஜூனில் இன்னொரு ஜூரி அவர் தெளிவாக இருப்பதாகச் சொல்லியது. இந்தப் போராட்டத்தை எந்த மேடையிலும் நான் கேட்டதில்லை.

1882இல் அவர் உயிர் பிரிந்தது ஸ்பிரிங்ஃபீல்டில் அக்கா வீட்டில். நாற்பது வருடங்களுக்கு முன் லிங்கன் மோதிரம் போட்டு அவரை மணந்ததும் அதே வீட்டில்தான்.

அடுத்த முறை லிங்கனைப் பற்றிப் பேசும்போது காபிக் கதையை விட்டுவிடுங்கள். பிள்ளைகளுக்கு அந்த ரயில் பயணத்தைச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் பேச்சை விரும்பிக் கேட்கும் ஒருவர்